வேர் இருந்த இடம்

பார்க்குக்குள் முளை அடித்திருக்கிறார்கள் என்பதை எங்கள் ஒழுங்கையில் முதலில் கண்டுபிடித்தவர் கண் தெரியாத என் கணவர்தான். கண் தெரிகிற நாங்கள் அத்தனை பேரும் அந்த முளைகளைத் தாண்டிப் பாண் வாங்கவும் மீன் வாங்கவும் போய் வந்துகொண்டிருந்தோம். ஒருவரும் காணவில்லை.

நான் வேலை செய்கிற பாமசியில் இருந்து அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, அவர் விறாந்தைக் கதிரையில் வலது கையை ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். விரல் நுனியில் சிவப்பு. இரத்தம் என்று நினைத்து நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பெயின்ற்," என்றார். "பார்க்குக்குள்ள ஆரோ முளை அடிச்சிருக்கினம். தடியில முட்டினது."

ஆடு கட்ட அடித்திருப்பார்கள் என்றேன். ஆடு கட்டுகிற முளைக்கு ஆரப்பா சிவப்புப் பெயின்ற் அடிக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

காலையில் போய்ப் பார்த்தோம். வேலி ஓரமெல்லாம் முளை. பெரிய வாகை மரத்தின் வேர்களுக்கு நடுவிலும் ஒன்று. பக்கத்து வீட்டு நானாவுக்கு ஹாட்வெயார் கடை, நாலு இடத்துச் சனம் வந்து போகிற இடம், அவர் மத்தியானத்துக்குள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். பார்க் காணியில் தொடர்மாடி வீடுகள் வரப்போகின்றனவாம். மேல்மாடியில் நின்றால் துறைமுகம் முழுதும் தெரியுமாம். வீடில்லாத சனத்துக்கு வீடு கட்டினால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற வீட்டை இந்த ஊரில் வீடில்லாத எவன் வாங்கப்போகிறான்?

அழகான பார்க் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஊஞ்சலுக்குச் சங்கிலி மட்டும்தான் இருந்தது. பகலில் மான்கள் வந்து நிழலில் படுத்துக் கிடக்கும், எங்கள் ஊர் மான்களுக்குக் காடும் றோட்டும் ஒன்றுதான். பின் மதிலுக்கு அப்பால் துறைமுகம், கப்பல் ஊதினால் எங்கள் குசினிச் சட்டிமூடி அதிரும். இவ்வளவுதான். ஆனால் என் கணவர் தனியாக நடக்கக்கூடிய இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். பெரிய கப்பல்களை மிதவைகளுக்கு நடுவால் இழுத்து உள்ளே கொண்டுவருகிற வேலை. கண்ணுக்குள் பிரஷர் என்று டொக்டர் சொன்ன காலத்தில் பாதிப் பார்வை போய்விட்டிருந்தது. மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. போகப்போகிறது என்று தெரிந்த பிறகு அவர் ஒவ்வொரு பின்னேரமும் பார்க்குக்குப் போய், கண்ணில் மிச்சம் இருந்த வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பாடமாக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை சோதனைக்குப் பாடமாக்குகிற மாதிரி. வெளிச்சம் முழுதும் போனபோது பார்க் அவருக்குள் இருந்தது.

நாலு அடையாளம் வைத்திருந்தார். அவற்றை மிதவை என்றுதான் சொல்லுவார். கேற்றடியில் கடலைக்காரத் தங்கச்சியின் வண்டி, வறுத்த கடலை மணம். அங்கிருந்து சனம் நடந்து நடந்து புல் செத்துப்போன தடத்தில் நேரே போனால் சனம் இருந்து கதைக்கிற ஒரு நீள வாங்கு, ஒரு கால் மண்ணுக்குள் இறங்கி ஒருக்களித்துக் கிடக்கும். தடியால் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் வாகை மரத்தின் வேர், மண்ணுக்கு மேல் முதுகு மாதிரிப் புடைத்துக்கொண்டு. அதில் ஏறி இறங்கினால் ஒழுகுகிற தண்ணீர்ப் பைப்பின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பினால் மறுபடியும் கடலை மணம். கேற்றுக்கு வெளியே எங்கள் ஒழுங்கை.

ஆரம்பத்தில் நானும் கூட வருகிறேன் என்று சண்டை பிடித்தேன். விழுந்து கிழுந்து வைத்தால் ஆர் பார்க்கிறது என்று கத்தினேன். அவர் ஒருநாளும் என்னோடு சத்தம் போட்டவரில்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

"நீர் கையைப் பிடிச்சா நான் குருடன். தனியப் போனா நான் உலாவப் போற ஆள்."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. பாமசியில் மருந்து எண்ணிக்கொண்டு நிற்பேன், ஐந்து மணியானால் மனசு மட்டும் பார்க்கடிக்குப் போய்விடும். இப்போது அந்த இடத்துக்கு முளை.

நானா தலைமையில் நாங்கள் போராடத் தொடங்கினோம். போராட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நானா, நான், கடலைக்காரத் தங்கச்சி, ஒழுங்கையில் இன்னும் கொஞ்சப் பேர். ஒரு வட்ஸ்அப் குழு. பார்க் வேண்டும் என்று கடதாசியில் எழுதி, கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, காட்போட் மட்டைகளில் ஒட்டி வேலி நீளத்துக்குக் கட்டினோம். விடிய வந்து பார்த்தால் கட்டின கயிறுதான் மிச்சம். மாப் பசைக்கு ஆசைப்பட்டு மான்கள் மட்டையோடு தின்றுவிட்டிருந்தன. நானா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, படுத்து அசைபோட்ட ஒரு கிழக் கலைமானைப் பார்த்து, "உனக்கும் சேத்துத்தானேடா கேக்கிறம்," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பிறகு காணி விசயம் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். அங்கே இந்தக் காணிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண், எல்லோரும் மிஸ் என்றார்கள், நாங்களும் மிஸ் என்றோம். மரியாதையாகக் கதிரையில் இருக்கச் சொன்னார், தண்ணீர் வேணுமா என்று கேட்டார். ஆனால் அந்தக் காணி பாவனை இல்லாமல் சும்மா கிடக்கிற காணி என்றுதான் தனக்கு அறிக்கை வந்திருக்கிறது என்றார். அங்கே ஆர் அம்மா போறது என்று கேட்டார்.

சும்மா கிடக்கிற காணி. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, என் மனுசன் ஒவ்வொரு நாளும் போகிறார், கண் தெரியாத மனுசன், தனியாகப் போய்த் தனியாக வருகிறார், சும்மா கிடக்கிற இடத்துக்கு ஆர் போவார் என்று தொடங்கி, நானா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும்வரை கதைத்தேன். மிஸ் கோபப்படவில்லை. புதன்கிழமை பின்னேரம் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"பாவிக்கிற இடம் எண்டு எனக்குக் காட்டுங்கோ," என்றார். "நான் கண்டதை எழுதுறன்."

வழியெல்லாம் நானாவுக்குச் சந்தோஷம். என் கணவர் மிஸ்ஸுக்கு முன்னால் ஒரு சுற்று நடந்து காட்டினால் போதும், அதைவிட வேறு சாட்சி என்னத்துக்கு என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவருக்கு வெட்கம். வேண்டாமப்பா, நான் என்ன காட்சிப் பொருளா என்றார். ஆனால் அன்றைக்கே, அந்த நீலச் சேட்டை அயன் பண்ணி வையும் என்றார்.

அந்தச் சனி ஞாயிறு நாங்கள் ஊரில் இல்லை. சாம்பல்தீவில் என் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியவீடு. இரண்டு பேரும் போய்ப் பலகாரமும் தின்று, சொந்தக்காரரோடு கதையும் கதைத்து, ஞாயிறு பொழுதுபட்டுத்தான் திரும்பினோம்.

இங்கேதான் எங்கள் சனத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். பெரிய ஆள் ஒருவர் வருகிறார் என்றால் நாங்கள் முதலில் செய்கிற வேலை சிரமதானம். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ சுடலையோ, எதுவாக இருந்தாலும் கூட்டித் துடைத்து, புல்லு வெட்டி, கிடக்கிற கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்காமல் ஒருவரையும் வரவேற்று எங்களுக்குப் பழக்கமில்லை. மிஸ் வருகிறார் என்றால் சும்மா விடுவார்களா? சனிக்கிழமை ஒழுங்கை முழுக்க மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. நாங்கள் திரும்பி வரும்போது ஆச்சரியமாக இருக்கட்டும், இவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று நானாதான் சொன்னாராம்.

திங்கட்கிழமை பின்னேரம் பாமசியில் ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. கடலைக்காரத் தங்கச்சி.

"அக்கா, அண்ணை நடுவில நிண்டிட்டார். ஆரையும் கை பிடிக்க விடுறாரில்லை. ஓடி வாங்கோ."

நான் ஓடினேன். இந்த வயதில், இந்த உடம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைத்தெருவால் ஓடினேன். பார்க்கின் நடுவில் அவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகத்தைக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டு. சுற்றிவர நாலைந்து பேர், என்ன செய்வது என்று தெரியாமல், கைகளைக் கட்டிக்கொண்டு.

அப்போதுதான் நான் பார்க்கைப் பார்த்தேன். கடலை வண்டியைக் கேற்றடியில் அசிங்கமாக இருக்கிறது என்று பின்பக்க வாசலுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். கோணல் வாங்கை நிமிர்த்திப் பச்சைப் பெயின்ற் அடித்து, மற்ற வாங்குகளோடு மதில் ஓரமாக வரிசையில் வைத்திருந்தார்கள். ஒழுகின பைப்பைத் திருத்தியிருந்தார்கள். சனம் தடக்கி விழும் என்று வேரைக் கோடரியால் வெட்டி மட்டமாக்கியிருந்தார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலால், அந்தத் தடமும் தெரியாமல், லோட் கணக்கில் கடல் மணல் பரப்பியிருந்தார்கள். கல்யாண வீட்டு முற்றம் மாதிரி இருந்தது.

"ஆர், நீரோ?" என்றார்.

"ஓம்."

"வாங்கு எங்க?"

சொன்னேன். வேர் எங்கே என்று கேட்டார். வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. கையை நீட்டினார். முதன்முதலாக அந்தப் பார்க்குக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தார். அந்தக் கை என்ன பாரமாக இருந்தது.

அவர் சாப்பிடவில்லை. நான் ஊரைத் திட்டித் தீர்த்துக்கொண்டு குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். சும்மா இரும், அவை அன்பில செய்தது என்றார். புதிதாகப் பழகலாம், நான் கூட வருகிறேன், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"பழைய பார்க்கை நான் கண் இருக்கேக்க படிச்சனான். இதை இருட்டில படிக்க எனக்கு ஏலாது. இனி அவை கட்டினா என்ன, கட்டாட்டி என்ன. என்ர பார்க் முடிஞ்சுது."

அடுத்த நாள் நான் பாமசிக்குப் போகவில்லை, பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் தடியை எடுக்கவில்லை. கதிரையில் இருந்தபடி றேடியோ கேட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்வார்களே, அதை அன்று கண்ணால் கண்டேன். நேரே நானா வீட்டுக்குப் போய் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிவில், "ஆருக்காகச் செய்தமோ அந்த மனிசன்ர காலையே முறிச்சிட்டம், தங்கச்சி," என்றார். அதற்குப் பிறகு எனக்குத் திட்டவும் முடியவில்லை.

அன்றைக்கே நானாவும் இரண்டு பேரும் வாங்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் எங்கே வைப்பது? மணலுக்கு மேல் நின்றுகொண்டு ஒருவர் இங்கே என்றார், மற்றவர் அங்கே என்றார். வருசக் கணக்காக அதில் இருந்து கதைத்தவர்கள்தான், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாங்கைத் திரும்ப மதில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை வந்தது. நடக்க வேண்டாம், சும்மா வந்து நின்றால் காணும் என்று கெஞ்சிக் கேட்டேன். நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி வந்தார். ஒழுங்கைச் சனம் எல்லாம் கேற்றடியில் கூடி நின்றது. மிஸ் வாகனத்தில் வந்து இறங்கினார். உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தார். மணலைக் குனிந்து பார்த்தார்.

"வடிவா வைச்சிருக்கிறீங்கள்," என்றார். "ஆனா எல்லாம் புதுசு. ஆக்கள் நடந்த தடம் ஒண்டையும் காணேல்லையே."

நானா என்னைப் பார்த்தார். மேசையில் கையூன்றிக் கதைத்த நான் அங்கே மரம் மாதிரி நின்றேன். தடம் இருந்தது மிஸ், நாங்கள்தான் மூடிப்போட்டோம் என்று சொன்னால் ஆர் நம்புவது? வருசக் கணக்காக நடந்த தடத்தை ஒரு பகலில் மூடின விசர்ச் சனம் நாங்கள்.

என் கையில் இருந்த பிடி தளர்ந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"கடலை எங்க?" என்று சத்தமாகக் கேட்டார்.

பின்வாசலில் நின்ற கடலைக்காரத் தங்கச்சிக்கு அது கேட்டது. அவள் கெட்டிக்காரி, ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மணலுக்குள்ளால் சில்லுப் புதையப் புதைய ஓடிவந்து கேற்றடியில் பழைய இடத்தில் நிறுத்தி, அடுப்பைக் கிளறிவிட்டாள். மணம் வந்தது. அவர் ஒருமுறை மூச்சை இழுத்தார். தடியை முன்னால் நீட்டினார். நடந்தார்.

நானாவுக்கு விளங்கிவிட்டது. அவர் முன்னால் ஓடி, வாங்கு இருந்ததாகத் தான் நினைத்த இடத்தில் போய் நின்றுகொண்டு, "மச்சான், வாங்கு இஞ்ச," என்றார்.

இவர் நின்றார். குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினார்.

"இல்லை மச்சான். இன்னும் கொஞ்சம் கடல் பக்கம் போ."

நானா தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் என்றார். நானா இன்னும் தள்ளினார். ஆ, அதில நில் என்றார். பிறகு நடந்து போய், அந்த வாங்கைத் தொடுகிற மாதிரியே நானாவின் முழங்காலைத் தடியால் தொட்டுவிட்டுத் திரும்பினார். சனத்துக்குள் ஆரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது.

அடுத்தது வேர். வேர் இல்லை. நான் எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வாகைக்குக் கீழே, வெட்டின அடையாளத்தை மணலுக்குள் கையால் தேடி, வேர் புடைத்திருந்த இடத்தில் சேலையோடு குந்தி, காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் வந்தார். தடி மணலைத் தடவித் தடவி வந்து என் பாதத்தில் முட்டியது. அங்கே நின்றார். தடியை அதில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு காலைத் தூக்கி, வேரைக் கடக்கிற மாதிரியே என் காலைக் கடந்து போனார்.

பைப்படியில் ஆரோ தண்ணீரைத் துளித்துளியாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நேரே போனார். அங்கிருந்து கடலை மணத்துக்கு. கேற்றடியில் வந்து நின்று சேட்டை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டார். புது மணலில் அவருடைய காலடியும் தடியின் புள்ளியும் ஒரு சுற்றாகக் கிடந்தன. பின்னாலேயே நானா நடந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும். மிஸ்ஸும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். போகும்போது, கண்டதை எழுதுறன் என்று மட்டும் சொன்னார்.

முடிவு வர மாதக் கணக்கானது. ஒருநாள் இரண்டு பேர் வந்து முளைகளைப் பிடுங்கி லொறியில் போட்டுக்கொண்டு போனார்கள். தொடர்மாடி வேறு காணிக்குப் போய்விட்டதாம். இப்போது வாங்கு கோணலாகக் கிடக்கிறது, பைப் ஒழுகுகிறது, மான்கள் படுத்துக் கிடக்கின்றன. மிஸ் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அந்தப் புதன்கிழமை, நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, பார்க் மிஞ்சுமா மிஞ்சாதா என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"பார்க்கில வேர் நடுங்கினது," என்றார்.

"காத்தா இருக்கும்," என்றேன்.

"ஓம். வேருக்குக் காத்துப் பிடிச்சிருக்கும்."

சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. நாளைக்கு நீர் வேலைக்குப் போம், நான் தனியப் போறன் என்றார். நாளைக்கு அந்த இடத்தில் வேர் இருக்காதே என்றேன்.

"இருந்த இடம் தெரியும். நீர் இருந்து காட்டினீர்தானே. அது போதும்."

போயிட்டு வாங்கோ என்றேன்.